நான் கூட்டிப் பெருக்கிய காடு

மரியதாஸ் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். பின்னால் கட்டியிருந்த மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குப் பின்னால் கிடந்த வெளியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன டீச்சர், குவாரிக்காரன் வந்திட்டானா?"

பின்னேர அஸர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கத்தியும் மண்வெட்டியுமாக நின்ற சனம் இஞ்சி போட்ட பிளேன்டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

குவாரிக்காரன் வரவில்லை. குவாரி எங்கள் பற்றைக்காட்டுக்குள் வரக்கூடாது என்று சங்கம் அமைத்து, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிய நாங்களேதான் அந்தக் காட்டின் முன்பக்கத்தை வெட்டித் தள்ளியிருந்தோம். பள்ளிக்கூட விளையாட்டுத்திடல் அளவு இடம். ஒரு இலைகூடக் கீழே கிடக்கவில்லை. காட்டைப் பார்க்க மறுநாள் காலை கொழும்பிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது.

துப்புரவாக்கச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். இந்தத் தொடரை நாலு வாரம் படித்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

விளக்குமாறும் நானும்

போன வாரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னிடம் படித்த ஒருவர் தொலைபேசியில் பேசினார். இப்போது அவருக்கே பேரப்பிள்ளை இருக்கிறது. "டீச்சர், நீங்க என்ன பாடம் படிப்பிச்ச எண்டு எனக்கு ஞாபகமில்ல. குப்பை பொறுக்க வெச்சது மட்டும் நல்லா ஞாபகம் இரிக்கி" என்றார். முப்பது வருடச் சேவைக்குக் கிடைத்த சான்றிதழ் அவ்வளவுதான்.

மறுக்க மாட்டேன். எனக்கு அந்த வியாதி உண்டு. தொண்ணூறில் இயக்கத்தார் மன்னாரை விட்டு முஸ்லிம்களைப் போகச் சொன்ன நாளில், அக்கம்பக்கத்தார் உடுப்பையும் காணி உறுதியையும் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது, நான் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கட்டிய மாப்பிள்ளை வாசலில் நின்று, "வாங்க புள்ள, போட் போயிரும்" என்று கெஞ்சினார். நான் அடுப்பிருந்த குசினியையும் கூட்டிவிட்டுத்தான் வந்தேன். யார் வந்து பார்த்தாலும் இந்த வீட்டுக்காரி ஊத்தைக்காரி என்று சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. கற்பிட்டிக் கரையில் இறங்கிய பிறகுதான் பிள்ளையின் பால்மா டின்னை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. விளக்குமாறு கையில் இருந்தது.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கூட்டிவிட்டு வந்த வீட்டுக்குள் காடு இருந்தது. குசினிக்குள் ஒரு விடத்தல் மரம் முளைத்து, கூரை இருந்த இடத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. முள்ளை விலக்கி உள்ளே போக முடியவில்லை. வெளியே நின்று அழுதேன். பற்றை என்ற சொல்லே எனக்கு அன்றிலிருந்து பிடிக்காது.

அப்படிப்பட்டவளைத்தான் இந்தச் சனம் பற்றைக்காடு பாதுகாப்புச் சங்கத்துக்குச் செயலாளராகத் தெரிவு செய்தது. காரணம் என் அழகான கையெழுத்து.

கலண்டருக்குப் பின்னால்

எங்கள் குடியேற்றம் வண்ணாத்திவில்லுப் பக்கம். ஒரு பக்கம் கடல்நீர் ஏறும் களப்பு, மறுபக்கம் குவாரி, நடுவில் பற்றைக்காடு. பாலை, வீரை, காரை, ஈச்சை, அதற்குள் மழைக்கு நிரம்பும் ஒரு பள்ளக்குளம், எங்கள் பேச்சில் வில்லு. பெரிய மரங்கள் குறைவு. பார்க்க அழகான காடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை.

குவாரியில் மத்தியானம் சங்கு ஊதும். பிறகு வெடி. வெடிக்கும் ஒவ்வொரு முறையும் என் முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த கலண்டர் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். அந்தக் கலண்டருக்குப் பின்னால்தான் சுவரின் வெடிப்பு இருந்தது. முதல் வருடம் ஒரு சின்னக் கலண்டர் அதை மறைத்தது. அடுத்த வருடம் நகைக்கடைக் கலண்டர் தேவைப்பட்டது. மூன்றாவது வருடம் இரண்டு கலண்டரை மேலும் கீழுமாக மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "டீச்சருக்குத் திகதி பார்க்கிறதில சரியான ஆசை போல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இத்தனைக்கும் காடு இருந்ததால்தான் அந்த அளவோடு நின்றது. தூசியில் பாதியைக் காடு பிடித்துக்கொண்டது. மீதியைத்தான் நான் காலையும் மாலையும் கூட்டினேன்.

பிறகு ஒருநாள் காட்டுக்குள் சிவப்புத் துணி கட்டிய தடிகள் முளைத்தன. குவாரியைப் பெருப்பிக்கப் போகிறார்கள். காடு போனால் குவாரி எங்கள் வேலிக்கு வந்துவிடும். வேலிக்கு வந்தால், உங்கள் பாதுகாப்புக்காக வேறு இடத்துக்குப் போங்கள் என்று ஒரு கடிதம் வரும். போங்கள் என்ற சொல்லை ஒருமுறை கேட்டவர்கள் நாங்கள். இன்னொரு முறை மூட்டை கட்ட எனக்கு வயதும் இல்லை, மாப்பிள்ளையும் மௌத்தாகிவிட்டார், வாசலில் நின்று கூப்பிட ஆளும் இல்லை.

சங்கத்துக்குத் தலைவர் ஹனீபா நானா, ஊருக்கே அண்ணன். ஆடு வளர்ப்பவர், காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் அவருக்குத் தெரியும். உபதலைவர் மரியதாஸ். அவர் கரைப்பக்கத்து மீன்பிடிக் குடும்பம், எங்களுக்கு மீன் கொண்டுவருபவர். கடலில் வலை போடும் இடத்தை, காட்டில் நிற்கும் பெரிய பாலையையும் அவர்கள் கோயில் சிலுவையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் அவர் கண்டுபிடிப்பார். "அந்தப் பாலை போனா நான் எங்க டீச்சர் வலை போடுற? சிலுவைய மட்டும் பார்த்துச் செபம்தான் செய்யலாம்" என்பார்.

ஹனீபா நானாவுக்கு வேறொரு ஆத்திரமும் இருந்தது. நாங்கள் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எந்தப் படிவத்தைத் தந்தாலும் பெயருக்கு முன்னால் "இடம்பெயர்ந்தோர்" என்று ஒரு கட்டம் இருக்கும். ஒருமுறை அரசாங்கக் கந்தோரில் போய், "தம்பி, நான் எப்ப இடம்பெயர்ந்து முடிப்பன்?" என்று கேட்டிருக்கிறார். மேசையில் இருந்த பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த மேசையில் கேட்கச் சொன்னதாம்.

முகாம் பழக்கம்

எங்கள் கடிதங்களில் ஏதோ ஒன்று சரியான மேசைக்குப் போயிருக்க வேண்டும். களப் பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்று பதில் வந்தது. அது பெறுமதியான காடா, வெறும் பற்றையா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம்.

இங்கே முகாம் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், ஏதாவது ஒரு வாகனம் வருகிறது என்று தெரிந்தால் முழு முகாமும் எழும்பிவிடும். குப்பையை எரிப்போம், புல்லைச் செதுக்குவோம், களப்புக் கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளிவந்து பாதையில் பரவுவோம், குருத்தோலையில் தோரணம் கட்டுவோம். வருகிறவர் தகரம் தருவாரா, வாளி தருவாரா, வெறும் புன்னகை தருவாரா என்று தெரியாது. ஆனால் நாங்கள் ஊத்தைச் சனம் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பழக்கம் எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. கல்வீடு கட்டிய பிறகும் போகவில்லை.

ஆகவே நான் அறிவித்தேன். "நாளைக்கு வாறவங்க நடந்து பார்க்கிறதுக்கு வழியைக் கொஞ்சம் துப்புரவாக்குவம்."

கொஞ்சம் என்ற சொல்லை ஒருவரும் கேட்கவில்லை. காலையில் பத்துப் பேர் தொடங்கினார்கள். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு முழு ஊரும் வந்தது. ஒரு வீட்டார் வெட்டிய அளவுக்கு மேலே வெட்டுவது அடுத்த வீட்டாருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் மணல் வந்து இறங்கியது. வெட்டிய வெளியிலிருந்து வில்லுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை முழுக்கப் பரவினோம். நான் எல்லாருக்கும் வட்டிலப்ப இனிப்போடு போய் நின்று, கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் காடு லட்சணமா இரிக்கி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போதுதான் மரியதாஸின் மோட்டார் சைக்கிள் வந்தது.

வேர் இல்லாத காடு

ஹனீபா நானா மணலில் குந்திவிட்டார். "டீச்சர், பாக்க வாற காட்ட வெட்டிட்டமே."

"ஓம் நானா."

"நாளைக்கு அந்தாள் வந்து காடு எங்க எண்டு கேட்டா?"

"உள்ளுக்கு இரிக்கி எண்டு சொல்லுவம்."

"அத வெட்டினது யாரு எண்டு கேட்டா?"

பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவள் நான். ஆனால் அன்று பின்னேரம் நான் செய்த காரியத்துக்கு என்னை ஒரு கிழமை வெயிலில் நிற்க வைக்கலாம். வெட்டிக் குவித்த கிளைகளைக் காட்டி, "இதையெல்லாம் திரும்ப நடுங்கோ" என்றேன்.

நட்டார்கள். மஃரிபுக்கு முன்னால், இருட்டுவதற்குள் முடித்தார்கள். ஆளுக்கு ஒரு கிடங்கு தோண்டி, கிடங்குக்கு ஒரு கிளை. மரியதாஸ் மீனை நிழலில் வைத்துவிட்டு அவரும் நட்டார். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் வரிசையாக நட்டுவிட்டோம் என்பதைத் தூர நின்று பார்த்தபோதுதான் கண்டோம். கலைத்து நட நேரமில்லை.

இனி யானைதான் காப்பாற்ற வேண்டும் என்று ஹனீபா நானா சொன்னார். வருடம் முழுக்க யானை வெடி கொளுத்தி, தகரம் தட்டி, அதைத் துரத்திய சனம் அன்று, யா அல்லாஹ், ஒரேயொரு யானையை அனுப்பு என்று துஆக் கேட்டது. ஒரு சின்ன யானை போதும் என்று நானும் கேட்டேன். யானைக்கு எங்களோடு என்ன கோபமோ, வரவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நட்ட கிளைகள் எல்லாம் வாடித் தலை தொங்கி நின்றன. அதைவிட மோசம், ஹனீபா நானாவின் ஆடுகள் பட்டியை விட்டு வெளியேறி, எங்கள் காட்டை ஒரு வரிசையாகத் தின்றுகொண்டு வந்தன. இருபத்தைந்து வருடமாக அந்த ஆட்டுப் பரம்பரை சாப்பாட்டைத் தேடித்தான் அலைந்திருக்கிறது. அன்றுதான் யாரோ பரிமாறி வைத்திருந்தார்கள்.

ஹனீபா நானா தடியோடு ஓடினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மணல் பாதையைப் பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சு பொறுக்கவில்லை. நேற்றுப் பரவிய வெள்ளை மணல் முழுக்க எதுவோ உழக்கி, கிண்டி, இழுத்து அசிங்கப்படுத்தியிருந்தது. காடுதான் இல்லை, பாதையாவது சுத்தமாக இருக்கட்டும். ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து வேகமாகக் கூட்டத் தொடங்கினேன்.

"எப்பா! எப்பா!"

பாதி தூரம் கூட்டியிருப்பேன். ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெண் கத்தினாள்.

"எப்பா! எப்பா! கூட்ட வேணாம்!"

சிங்களத்திலும் தமிழிலும் என்னை ஒருவர் வேண்டாம் என்று தடுத்தது அதுதான் முதல் தடவை. சின்ன உருவம், பெரிய தொப்பி, கழுத்தில் ஒரு கமரா. இவள்தான் அதிகாரி. என் கடைசி மகளைவிட இளையவள். கூடவே குவாரியின் பெரிய ஐயா, சனம் மாத்தயா என்று கூப்பிடுகிறவர், வந்திருந்தார், கையில் சுருட்டிய வரைபடம்.

மாத்தயா சுற்றிப் பார்த்தார். வெட்டிய வெளி, வரிசையில் நின்ற மொட்டைக் கிளைகள், வாயில் இலையோடு நின்ற ஒரு ஆடு. அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாருங்க மிஸ், வெறும் பற்றை. இந்த ஆக்களே வெட்டுறாங்க. நாங்க வெட்டினா மட்டும் குற்றமா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மிஸ் ஒரு கிளையைப் பிடித்து இலேசாக இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. நுனியைத் திருப்பிப் பார்த்தாள். "டீச்சர், இதுக்கு வேர் இல்லையே."

"இல்ல மகள்."

"யார் வெட்டினது?"

"நாங்கதான்."

"யார் வெட்டச் சொன்னது?"

நாற்பது குடும்பமும் அன்று காட்டிய மரியாதையை நான் மறக்க மாட்டேன். ஒருவரும் என்னைக் கைநீட்டிக் காட்டவில்லை. எல்லோரும் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்கள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகாமில் வாகனம் வந்தால் கூட்டுவது, மணல் போடுவது, தோரணம் கட்டுவது, நீங்கள் வருவதற்காகத்தான் மகள் வெட்டினோம், உங்களை மதித்துத்தான் வெட்டினோம் என்று. சொல்லச் சொல்ல எனக்கே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரு ஆளை மதிக்கத் தெரிந்த அளவுக்கு ஒரு காட்டை மதிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த விளக்குமாற்றை மெதுவாக வாங்கி ஹனீபா நானாவிடம் கொடுத்தாள். பிறகு நான் கூட்டாமல் விட்ட மணலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

"மணல் எப்ப போட்டது?"

"நேத்துப் பின்னேரம்."

"அப்ப இதெல்லாம் ஒரு ராத்திரி."

ஒரு சின்ன அளவுகோலை மணலில் வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினாள். இது முள்ளம்பன்றி. இது மரநாய். இது நரி, அவசரமாகப் போயிருக்கிறது. இந்தச் சின்னக் குளம்பு சருகுமான். இது மயில், இங்கே நின்று திரும்பியிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் அவள் மணலோடு மணலாகக் குனிந்து கிடந்தாள். இரண்டு பக்கமும் காலடி, நடுவில் வாலை இழுத்துப் போன நீளக் கோடு. "அழுங்கு" என்றாள். உடம்பு முழுக்கச் செதிலோடு எறும்பு தின்னும், நாடு முழுக்க வேட்டையாடி அருகிப்போன உயிர் அது. எங்கள் பாதையில் நிதானமாக நடந்து வில்லுக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறது. நான் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான், யாரோ சாக்கை இழுத்திருக்கிறார்கள் என்று முதலில் திட்டியிருந்தேன். இன்னும் நாலு வீச்சு வீசியிருந்தால் அதையும் கூட்டியிருப்பேன்.

குவாரி மாத்தயா வரைபடத்தை விரிக்கவேயில்லை. அவரும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில், "இது என்ன மிஸ்?" என்று ஆசையாகக்கூடக் கேட்டார்.

அது மனிதக் கால். வெறுங்கால், பெருவிரல் கொஞ்சம் வளைந்தது. காட்டுக்குள் போய், திரும்பியும் வந்திருந்தது.

"இது யாரு?" என்றாள் மிஸ்.

ஹனீபா நானா விளக்குமாற்றால் முகத்தை மறைத்தார். "நான்தான் மகள். சுபஹுத் தொழுகைக்கு முந்தி... ஒரு தேவைக்கு."

"ஒவ்வொரு நாளும் போறதா?"

"இருபத்தைஞ்சு வருஷமா."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மரியதாஸ் மீன்பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் மட்டும் சிரிக்காமல் அதற்குப் பக்கத்திலும் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள்.

பட்டியல்

ஒரு மழைக்காலம் போனது. வெட்டிய கட்டைகளிலிருந்து பாலையும் வீரையும் தாமாகவே துளிர்த்தன. நாங்கள் நட்டதில் ஒன்றும் பிழைக்கவில்லை.

பிறகுதான் தடித்த கடித உறை வந்தது. வில்லுக்கு அந்தப் பக்கம் குவாரிக்கு. அந்தப் பக்கத்தில் நின்ற வீரைகளை நினைத்து ஹனீபா நானா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. வில்லும் இந்தப் பக்கமும், பெரிய பாலையோடு, காடாகவே இருக்க வேண்டும். சிவப்புத் துணிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். சங்கு இப்போதும் ஊதுகிறது. பூசிய வெடிப்பு மேலும் விரியவில்லை, சுவரில் ஒரு கலண்டர் போதும்.

கடிதத்தில் செயலாளருக்கென்று தனியாக ஒரு பந்தி இருந்தது. மாதம் ஒருமுறை அந்தப் பாதைக்கு மணல் பரவ வேண்டும். எக்காரணம் கொண்டும் கூட்டக்கூடாது. எக்காரணம் கொண்டும் என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தது. இந்த உலகத்தில் நான் கூட்டாமல் விட்ட ஒரே இடம் அதுதான். சில நாட்களில் கை துடிக்கும். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவேன்.

கடிதத்தோடு வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. காட்டில் கண்ட உயிரினங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். இவ்விடத்துக்குரியது, வந்துபோவது. ஏதோ ஒன்றில் சரி அடையாளம். சங்கத்துக் கூட்டத்தில் நான் அதைச் சத்தமாக வாசித்தேன். அழுங்கு, இவ்விடத்துக்குரியது. சருகுமான், இவ்விடத்துக்குரியது.

"மனிதன்" என்று வாசித்தேன்.

ஹனீபா நானா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "என்ன போட்டிருக்கு?"

"இவ்விடத்துக்குரியது."

"முன்னுக்கு ஒண்டும் இல்லையா? இடம்பெயர்ந்த எண்டு?"

"இல்ல நானா. மனிதன் எண்டு மட்டும்தான்."

அவர் தாளை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நான் காட்டிய வரியில் விரலை வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழும்பி வெளியே போகப் போனவர், கதவடியில் நின்று திரும்பினார்.

"நரிக்கு என்ன போட்டிருக்கு?"

தேடிப் பார்த்தேன். "வந்துபோவது."

ஹனீபா நானா தலையை மெதுவாக ஆட்டினார்.

"பாவம் நரி" என்றார்.